ஒரு செட் மாத்திரை கொடுங்க!

டோக்கன் கிடையாது. ஃபீஸ் கிடையாது. 'டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார், உட்காருங்க' கிடையாது. இப்படி ஒரு வைத்தியர் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கண்ணாடி கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாகக் கையில் கத்தரிக்கோல்.

"அண்ணே, அப்பாவுக்கு உடம்பு வலி, சளி. ஒரு செட் மாத்திரை கொடுங்க."

"காய்ச்சல் இருக்கா?"

"இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

நறுக், நறுக், நறுக். ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், 'கேஸுக்கு' ஒன்று. சின்னக் காகிதக் கவர். "காலைல ஒரு செட், நைட்டு ஒரு செட். சாப்ட்டுட்டு போடச் சொல்லுங்க." செல்போனைக் காட்டினால் 'டொய்ங்' என்று பணம் போய்விடும். வைத்தியம் முடிந்தது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பத்தரைக்கும் ஷட்டரை இறக்காமல் உட்கார்ந்திருக்கிற புண்ணியவான். ஆனால் மேலே உள்ள உரையாடலை இன்னொரு தரம் படியுங்கள். வந்திருக்க வேண்டிய ஒரு கேள்வி அதில் வரவில்லை.

"அப்பாவுக்கு என்ன வயசு? வேற என்ன வியாதி இருக்கு?"

இந்த வாரம் பூராவும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

* * *

"அதே செட்டைத்தானே சார் போன மாசம் நான் போட்டேன்? மறுநாள் ஆபீஸுக்கு வந்து அப்ரைஸல் வரைக்கும் சண்டை போட்டேனே!" என்பீர்கள்.

வாஸ்தவம். உங்களுக்கு முப்பது வயது. நீங்கள் விழுங்கிய மாத்திரை காலியான வீட்டுக்குள் நுழைகிறது. வேலையை முடித்து விட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்பாவுக்கு எழுபத்தைந்து. அந்த வீட்டில் ஏற்கெனவே பிரஷர் குடியிருக்கிறது, சுகர் குடியிருக்கிறது, மாடி போர்ஷனில் ப்ராஸ்டேட். புதிதாக வருகிற விருந்தாளி இவர்களில் யாரை உசுப்பிவிடுவான் என்று தெரியாமல் கதவைத் திறக்கிறோம்.

வீடும் பழைய வீடு. வயதாக ஆக உடம்பில் தண்ணீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. கல்லீரல் நிதானமாகிறது. கிட்னி வடிகட்டும் வேகம் நாற்பதுக்கு மேல் சராசரியாக வருஷத்துக்கு ஒரு புள்ளி வீதம் இறங்குகிறது. பல மருந்துகள் வெளியேற அதுதான் வாசல்.

"அப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணினோமே! கிரியேட்டினின் 1.0. நார்மல்னு போட்டிருக்கு!"

ஆபீஸில் கால்குலேட்டர் இருந்தால் எடுங்கள். 1976-ல் காக்ராஃப்ட், கால்ட் என்று இருவர் ஒரு தோராயக் கணக்கு கொடுத்தார்கள். 140-லிருந்து வயதைக் கழி. எடையால் பெருக்கு. அதை 72-ஆலும் கிரியேட்டினினாலும் வகு. (பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.)

உங்களுக்கு வயது 30, எடை 60 கிலோ, கிரியேட்டினின் 1.0. விடை 92. அப்பாவுக்கு வயது 75, எடை 50 கிலோ, அதே 1.0. விடை 45.

லேப் ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் 'நார்மல்'. நிஜத்தில் அப்பாவின் கிட்னி உங்களுடையதில் பாதி வேகத்தில் ஓடுகிறது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. வயதானவருக்குத் தசை குறைவு, அதனால் கழிவும் குறைவு. பாதி வேகமே போதுமானதாகத் தோன்றுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

* * *

இனி அந்தக் காகிதக் கவரைப் பிரிப்போம்.

முதல் மாத்திரை, வலிக்கு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இவை எல்லாம் உடம்பில் 'ப்ராஸ்டாக்ளாண்டின்' என்ற சமாச்சாரம் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் அப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்த ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசு வாங்கினார்.

வலியைக் கிளப்புவது மட்டும் அந்தச் சமாச்சாரத்தின் வேலை என்றால் தொல்லையில்லை. வயிற்றின் உள்சுவரைப் பாதுகாப்பதும் அதுதான். களைத்த கிட்னிக்குள் ரத்தம் போகும் குழாயைத் திறந்து பிடித்திருப்பதும் அதுதான். மாத்திரை போட்டதும் வலியோடு சேர்த்து இந்த இரண்டு வாட்ச்மேன்களையும் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறோம். உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன. பிரஷர் ஏறுகிறது. இதயம் பலவீனமாக இருப்பவருக்குக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. பழைய அல்சர் ரத்தம் கசிய ஆரம்பிக்கிறது.

இதில் ஒரு கூட்டணி விசேஷமானது. டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை ஒன்று. நீர் பிரிய ஒரு மாத்திரை. மூன்றாவதாக இந்த வலி மாத்திரை. ஒன்று கிட்னியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை அகலமாக்குகிறது, இன்னொன்று உடம்பில் நீரைக் குறைக்கிறது, மூன்றாவது உள்ளே வரும் குழாயை இறுக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்ட அழுத்தமே இருக்காது. கிட்னி சில நாட்களில் வேலை நிறுத்தம் அறிவிக்கலாம். டாக்டர்கள் இங்கிலீஷில் இதற்கு 'ட்ரிபிள் வாமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மும்முனைத் தாக்குதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பேதி, வாந்தி, சித்திரை வெயில் சேர்ந்தால் நான்கு முனை.

இதயத்துக்காகத் தினம் சின்ன ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. ஐப்யூப்ரோஃபென் முன்னால் போய் சீட்டில் கர்ச்சீஃப் போட்டுவிட்டால், பின்னால் வரும் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைக்காது. ரத்தம் உறையாமல் காப்பாற்றுகிற வேலை நடக்காமல் போகலாம்.

டைக்ளோஃபினாக் கிட்னியை என்ன செய்யக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான அத்தாட்சி உண்டு. தொண்ணூறுகளில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மூன்று இனங்களில் 95 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தன. வைரஸோ என்று தேடினார்கள். 2004-ல் விடை கிடைத்தது. மாட்டுக்கு வலி என்று டைக்ளோஃபினாக் போட்டிருக்கிறார்கள். அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகின் கிட்னி பழுதாகி, உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்து செத்திருக்கிறது. 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போவதைப் பார்த்து, 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் ஒரே புட்டியில் அடைக்கக் கூடாது என்றது. நீலகிரி மலையடிவாரத்தில், முதுமலை, மாயாறு பக்கம் இன்னும் சில கழுகுகள் மிச்சம் இருக்கின்றன.

அப்பா கழுகு இல்லை. மனித கிட்னிக்குத் தாங்கும் சக்தி அதிகம். ஆனால் பாதி வேகக் கிட்னியோடு, பிரஷர் மாத்திரையோடு, மூட்டு வலிக்கு ஆறு மாதமாகத் தினம் இரண்டு என்றால், தாங்கும் சக்திக்கும் ஒரு எல்லை உண்டு. வலிக்குப் பாரசிட்டமாலை அளவோடு முதலில் பார்க்கலாமா, மேலே தடவுகிற ஆயின்ட்மென்ட் போதுமா (ரத்தத்தில் கலப்பது அதில் ரொம்பக் குறைவு) என்று டாக்டரைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

* * *

இரண்டாவது மாத்திரை, சளிக்கு. அதில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் இருக்கும். நீங்கள் போட்டால் மீட்டிங்கில் தூக்கம் வரும். (போடாவிட்டாலும் வரும்.) அப்பா போட்டால் நடப்பது வேறு.

இந்த மருந்து தும்மலை மட்டும் நிறுத்துவதில்லை. 'அசிட்டைல்கோலின்' என்ற தபால்காரனையும் வழி மறிக்கிறது. மூத்திரப் பையைச் சுருங்கச் சொல்வதும், குடலை நகரச் சொல்வதும், மூளையில் ஞாபகத்தைத் தட்டி எழுப்புவதும் அவன் கொண்டு வருகிற தபால்கள்தான். ப்ராஸ்டேட் வீங்கியவருக்கு வாசல் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கிறது. இப்போது பம்ப்பும் நின்றுவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறார், வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. விடியும்போது அடிவயிறு கல்லாக இருக்கிறது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, டியூப். காரணம் இரண்டு நாள் சளி மாத்திரை என்று யாருக்கும் தோன்றாது. "வயசாச்சுல்ல..." என்று முடித்து விடுவார்கள்.

மறதி நோய் ஆரம்பித்திருக்கும் அம்மாவுக்கு இதே மாத்திரை ஒரே ராத்திரியில் குழப்பத்தைக் கூட்டலாம். "யாரோ வாசல்ல நிக்கறாங்க" என்பார். கண்ணில் ஒருவகை க்ளாகோமா உள்ளவர்களுக்கு அழுத்தம் திடீரென்று ஏறலாம்.

மூக்கடைப்புக்காக அதோடு ஃபினைலெஃப்ரின் சேர்ப்பது வழக்கம். பிரஷர், இதய நோய், ப்ராஸ்டேட் இருந்தால் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடு என்று அமெரிக்காவில் அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதை மாத்திரையாக விழுங்கினால் மூக்கு திறக்காது என்று அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023-ல் சொல்லிவிட்டது. 2024-ல் அதை மூக்கடைப்பு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று துறையே யோசனை வெளியிட்டது. பிரயோஜனம் இல்லாமல் வம்பை மட்டும் கொண்டுவருகிற விருந்தாளி!

மூன்றாவது, சில கடைகளின் செட்டில் மட்டும் எட்டிப் பார்க்கும் குட்டி மாத்திரை. ஸ்டீராய்டு. "அந்தக் கடை மாத்திரை ஒண்ணு போட்டா போதும், சும்மா ஜம்முனு ஆயிடும்" என்று பெயர் வாங்கித் தருவது அதுதான். சுகர் உள்ளவருக்கு அது சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். பிரஷரையும் ஏற்றும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு இரட்டை அடி. மாதக் கணக்கில் போட்டால் எலும்பு மெலியும்.

நான்காவது, 'கேஸுக்கு'. இது ஓரளவு சாது. ஆனால் மாத்திரைக்குப் பதில் தண்ணீரில் போட்டதும் பொங்குகிற உப்புப் பொடியைத் தினம் குடிக்கிற அப்பாக்கள் உண்டு. அதில் இருப்பது சோடா உப்பு. அதாவது சோடியம். டாக்டர் சொன்னார் என்று சாம்பாரில் உப்பைக் குறைத்த அம்மா, இந்த டம்ளரைக் கணக்கில் எடுப்பதில்லை.

* * *

செட்டில் இல்லாத சில ஆசாமிகளும் வீட்டில் இருக்கிறார்கள்.

*தூக்க மாத்திரை.* 'அரை மாத்திரைதானே' என்று வருஷக்கணக்காக ஓடும். டயஸிபாம் கொழுப்பில் போய்த் தங்குகிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இருபது வயதில் சுமார் 20 மணி நேரம், எண்பது வயதில் சுமார் 90 மணி நேரம் ஆகிறது என்று எழுபதுகளிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது திங்கட்கிழமை போட்டது முழுசாகப் போவதற்குள் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகள் க்யூவில் வந்து சேர்கின்றன. நடை தள்ளாடுகிறது. பாத்ரூம் தரை ஈரம். இடுப்பெலும்பு. ஏற்கெனவே ஒரு தரம் விழுந்தவருக்கும் மறதி உள்ளவருக்கும் இது ரொம்ப ஆகாது. அல்ப்ரஸோலம், டயஸிபாம் எல்லாம் 2013-ல் கொண்டுவந்த 'ஷெட்யூல் எச்1' பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம் என்று கடையில் ரிஜிஸ்டர் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "நம்ம கடைதான், தெரிஞ்சவர்தான்" என்பது சட்டத்தில் இல்லை.

*தலைசுற்றல் மாத்திரை.* சின்னரிஸின், ஃப்ளூனரிஸின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு. நாலு நாளைக்குக் கொடுத்ததை நாலு வருஷம் தொடர்ந்தால் சில முதியவர்களுக்குக் கை நடுங்கும், முகம் மரத்தாற்போல் ஆகும், நடை சுருங்கும். பார்க்கின்ஸன் நோய் மாதிரியே இருக்கும். நிஜமாகவே பார்க்கின்ஸன் இருந்தால் மோசமாகும்.

*கண் சொட்டு மருந்து.* இதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. க்ளாகோமாவுக்கு விடும் டிமலால் சொட்டு, கண்ணின் ஓரத்துத் துவாரம் வழியாக மூக்குக்குப் போய் அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் செக்போஸ்ட் கிடையாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த ஒரு சொட்டு வீஸிங்கைக் கிளப்பிவிடக்கூடும். கண் டாக்டரிடம் போய் "எனக்கு மூச்சிரைப்பு உண்டு" என்று எந்த அப்பா சொல்கிறார்? "கண்ணைக் காட்ட வந்தேன், நெஞ்சைப் பத்தி எதுக்குப் பேசணும்?" என்பார்.

*சுகர் மாத்திரை.* க்ளைபென்க்ளமைடு என்று ஒரு பழைய, விலை குறைந்த மாத்திரை. கிட்னி மந்தமானவருக்கு உடம்பிலேயே தங்கிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அம்மா காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, "இன்னிக்குச் சஷ்டி, விரதம்" என்று உட்கார்ந்தால் மத்தியானம் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசுவார். சாமி வந்ததாக நினைத்து விபூதி கொடுப்பதற்குமுன் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். (மயங்கிவிட்டால் வாயில் ஊற்றாதீர்கள். 108.)

*அதிமதுரம்.* "இது இங்கிலீஷ் மருந்து இல்லப்பா, வெறும் வேர்" என்று தினமும் மெல்லுவார் தாத்தா. தொண்டைக்கு இதம்தான். ஆனால் நிறைய நாள் நிறைய மென்றால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரையும் அதே பொட்டாசியத்தை இறக்குவதால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். வேர் என்பதற்காக உடம்பு விதிவிலக்கு கொடுப்பதில்லை.

* * *

இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்களா என்றால், போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் நல டாக்டர், முதியோர் இல்லங்களில் கொடுக்கப்படும் மருந்துகளைப் பார்த்துவிட்டு 1991-ல் தன் சகாக்களோடு ஒரு பட்டியல் வெளியிட்டார். வயதானவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டியவை எவை என்று. அவர் 2009-ல் இறந்த பிறகும் அந்த நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது. 2023-லும் ஒரு பதிப்பு வந்தது. 'இந்த வியாதி இருந்தால் இந்த மருந்து வேண்டாம்' என்று அதில் தனி அட்டவணையே இருக்கிறது. ஐரோப்பாவிலும் 2008-லிருந்து இப்படி ஒரு பட்டியல் உண்டு.

இவை சட்டமல்ல. பட்டியலில் உள்ள மருந்தையே டாக்டர் யோசித்து, அளவைக் குறைத்து எழுதியிருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கும். பிரச்னை, யாருமே யோசிக்காமல் சேர்ந்துபோன மருந்துகள்தான்.

எப்படிச் சேர்கிறது? கோவணம் வைத்திருந்த சாமியார் கதை தெரியுமல்லவா? கோவணத்தை எலி கடிக்கிறதே என்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கினார். பசுவுக்குப் புல் என்று நிலம் வாங்கினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கல்யாணம் செய்துகொண்டார்.

அப்பாவின் மாத்திரை டப்பாவும் அதே கதைதான். முழங்கால் வலிக்கு மாத்திரை. அதனால் பிரஷர் ஏறியது. பிரஷருக்கு அம்லோடிபின். அதனால் கணுக்கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதனால் ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கிறார். தூக்கம் போச்சு. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. பிறகு அந்த ஈரமான பாத்ரூம். ஆரம்பத்தில் இருந்தது ஒரு முழங்கால் வலி!

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது வியாதி என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுகிற இந்தச் சங்கிலிக்கு, 'ப்ரிஸ்க்ரைபிங் காஸ்கேட்' என்று பாலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் 1997-ல் ஒரு கட்டுரையில் விளக்கம் கொடுத்தார்கள். நம் சாமியார் அதற்குக் காலாகாலத்துக்கு முன்பே மாட்டிக்கொண்டு விட்டார்.

இதில் டாக்டர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இதய டாக்டர் இதயத்தைப் பார்த்தார், மூட்டு டாக்டர் மூட்டைப் பார்த்தார், கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார். இந்த மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆள் யார் என்பதுதான் கேள்வி. அது நீங்கள்தான். எம்பிபிஎஸ் தேவையில்லை. எக்ஸெல் தெரிந்தால் போதும்.

* * *

செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒன்று: ஒரு மஞ்சப்பை எடுங்கள். வீட்டில் உள்ள அத்தனை மருந்தையும் அதில் போடுங்கள். மாத்திரை, சிரப், கண் சொட்டு, இன்ஹேலர், ஆயின்ட்மென்ட், சூரணம், கஷாயம், துபாயிலிருந்து அத்தை பையன் கொண்டுவந்த வைட்டமின், ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பழைய ஸ்ட்ரிப், தலையணைக்கடியில் இருப்பது எல்லாம். அமெரிக்காவில் இதற்குக் காகிதப் பையைக் கொண்டுவரச் சொல்வதால் 'ப்ரவுன் பேக்' பரிசோதனை என்று பெயர். நமக்கு மஞ்சள்.

இரண்டு: பெயரை எழுதுங்கள். பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை அல்ல, கீழே பொடியாக உள்ள மருந்தின் பெயரை. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு டாக்டரிடமிருந்து வந்திருப்பது அப்போதுதான் தெரியும். பாரசிட்டமால் மூன்று ஸ்ட்ரிப்பில் ஒளிந்திருக்கும். பெயரே இல்லாமல் கத்தரித்த துண்டுகள் இருந்தால் தனியே வையுங்கள். இனிமேல் கடையில் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தோடு கேட்டு வாங்குங்கள்.

மூன்று: பையோடு ஒரே ஒரு டாக்டரிடம் போங்கள். குடும்ப டாக்டரோ, அரசு ஆஸ்பத்திரி பொது மருத்துவரோ, முதியோர் மருத்துவரோ. நாலு கேள்வி கேளுங்கள். இது எதற்கு? இன்னும் தேவையா? அவருக்கு இருக்கிற மற்ற வியாதிக்கு ஒத்துவருமா? கிட்னிக்குத் தகுந்த அளவுதானா?

நான்கு: எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்பாவின் டப்பாவைக் குப்பையில் கொட்டினால் நான் பொறுப்பில்லை. இதயத்துக்கான சில மாத்திரைகளைப் பட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரும். பல நாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஸ்டீராய்டும் அப்படித்தான். படிப்படியாக இறக்க வேண்டியதை டாக்டர்தான் இறக்க வேண்டும்.

ஐந்து: புது மாத்திரை ஆரம்பித்த சில வாரத்துக்குள் புதுத் தொல்லை வந்தால் முதல் சந்தேகம் மாத்திரை மேல் போகட்டும். விழுந்தார், குழம்பினார், கால் வீங்கியது, மூத்திரம் நின்றது, எல்லாவற்றுக்கும் 'வயசாச்சு' என்பது பதிலாகாது. மருந்தின் பக்கவிளைவை நீங்களே அரசுக்குத் தெரிவிக்கலாம். அதற்கான இலவசத் தொலைபேசி 1800-180-3024.

ஆறு: ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்யுங்கள். எந்தக் கடையில், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். "இது எழுபத்தஞ்சு வயசுக்காரருக்கு. அவருக்கு பிரஷர், சுகர், ப்ராஸ்டேட் இருக்கு. இந்த இந்த மாத்திரை சாப்பிடறார்." சொல்லி முடிக்க எட்டு விநாடி. கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்கும். நல்ல கடைக்காரராக இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப டாக்டர்கிட்ட காட்டிடுங்க தம்பி" என்பார். அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.

மஞ்சப்பையை விரித்து உட்கார ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்பா முதலில் முறைப்பார். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ உன் வேலையப் பாரு" என்பார். விடாதீர்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாக எடுத்து, "இது எப்பலேர்ந்துப்பா?" என்று கேளுங்கள். பத்தாவது ஸ்ட்ரிப்புக்குள், முழங்கால் எப்போது வலிக்க ஆரம்பித்தது, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, யாரிடமும் சொல்லாமல் எத்தனை தரம் விழுந்தார் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். எந்த டாக்டர் சீட்டிலும் இல்லாத அந்த விவரங்களையும் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டருக்கு முதலில் வேண்டியது அதுதான்.